பனிக்கு வெள்ளை அடிக்காதீர்கள்!

பனிக்காட்டை ஓவியமாக்குவதற்காக ஒருவர் பனியிலேயே பள்ளம் தோண்டி, அதற்குள் இறங்கி நின்று தூரிகை பிடித்தார், தெரியுமா?

1904 பிப்ரவரி. மாஸ்கோவுக்கு அருகே துகினோ. வெயிலும் உறைபனியும் சேர்ந்து அடித்த ஒரு காலையில் இகோர் கிரபார் என்ற ரஷ்ய ஓவியர் வெளியே போனார். பிர்ச் மரம் ஒன்றை ரசித்து நின்றவரின் கையிலிருந்து தடி நழுவியது. எடுக்கக் குனிந்தார். குனிந்த வாக்கிலேயே அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான்! தரைமட்டத்திலிருந்து பார்த்தபோது கிளைகளுக்குப் பின்னால் வானம் அப்படியொரு நீலம்! வீட்டுக்கு ஓடினார், கேன்வாஸோடு திரும்பினார், அவசர அவசரமாக மாதிரி ஒன்றைத் தீட்டினார். மனம் ஆறவில்லை. அதே கோணத்தில் பெரிய படம் வேண்டும். அதற்குக் கண் தரையோடு தரையாக இருக்க வேண்டுமே? ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் பனியை வெட்டினார். ஈசலையும் கேன்வாஸையும் உள்ளே இறக்கினார், தானும் இறங்கிவிட்டார். வெயில் பட்ட பனியின் பளீர் ஒளி கேன்வாஸில் தெறித்து நிறத்தைக் குழப்பிவிடக் கூடாது என்று நீலம் பூசிய குடை ஒன்று வேறு! 'பிப்ரவரி நீலம்' என்ற அந்த ஓவியம் இன்று மாஸ்கோவின் திரெத்தியாகோவ் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பின்னாளில் அதே கூடத்துக்குக் கிரபாரே இயக்குநராகப் போனார் என்பது கொசுறு.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. பனி வெள்ளை நிறமே இல்லை, தெரியுமா? பனிக்கட்டிக்கு நிறம் கிடையாது. கற்கண்டுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அதையே அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளை வெளேர்! பனியும் அப்படித்தான். எண்ணற்ற சிறு படிகங்கள், ஒவ்வொன்றுக்கும் பல முகங்கள், நடுநடுவே காற்று. உள்ளே போன ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, எல்லா நிறமும் கலந்து திரும்பி வருகிறது. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடுகிறது.

ட்யூபிலிருந்து பிதுக்குகிறோமே வெள்ளைத் தைல வண்ணம், அதுவும் இதே தந்திரத்தால்தான் வெள்ளை! டைட்டானியம் டைஆக்சைடு படிகமும் உண்மையில் நிறமற்றதுதான். பொடியாக்கி ஆளிவிதை எண்ணெயில் குழைக்கும்போது ஒளியைச் சிதறடிக்கிறது. ஒளியை வளைக்கும் திறனை ஒளிவிலகல் எண்ணால் குறிப்பார்கள். பனிக்கட்டிக்கு அது 1.31. ஆளிவிதை எண்ணெய்க்குச் சுமார் 1.48. டைட்டானியம் வெள்ளையின் ரூட்டைல் வகைக்குச் சுமார் 2.7. வைரத்துக்கே 2.42தான்! எண்ணெயிலிருந்து இந்த எண் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு வெள்ளை அடர்த்தியாக விழும். சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து எண்ணெயில் குழைத்துப் பாருங்கள், வெள்ளை மங்கி அழுக்குச் சாம்பலாகிவிடும். இரண்டின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் காரணம்.

சரி, அந்த டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? கறுப்பு மணலிலிருந்து! இல்மனைட் என்பது அதன் பெயர். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மினுமினுப்பாகக் கிடக்கிறதே கறுமணல், அதில் இல்மனைட் ஏராளம். மத்திய அரசு நிறுவனம் அதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது. பனிமலைக்குப் பூசும் வெள்ளையின் மூலப்பொருள், பனியையே பார்க்காத கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறது! டைட்டானியம் முதன்முதலில் சிக்கியதும் கறுமணலில்தான். 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், ஓடையோரத்து மணலை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார். ஆனால் அது ஓவியர்களின் பேலட்டுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஆலை அளவில் தயாரானது முதல் உலகப் போர் காலத்தையொட்டித்தான்.

அப்படியானால் அதற்கு முன்? சாணம்! நிஜமாகத்தான். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் நாம் வியந்து பார்க்கும் பனியெல்லாம் ஈய வெள்ளை. மண் சட்டியில் காடியை ஊற்றி, அதன்மேல் ஈயச் சுருளை வைத்து, சட்டிகளைச் சுற்றிக் குதிரைச் சாணத்தை அடுக்கிக் கொட்டகையை மூடிவிடுவார்கள். சாணம் புளித்து வெப்பத்தையும் கரியமில வாயுவையும் விட, காடியின் ஆவி ஈயத்தை அரிக்க, மாதக் கணக்கில் கிடந்த பிறகு திறந்தால் ஈயத்தின் மேல் வெண்மையான பொருக்கு படிந்திருக்கும். அதைச் சுரண்டி அரைத்தால் வண்ணம். கொடிய நஞ்சு, எத்தனையோ தொழிலாளர்களைக் கொன்ற பொருள். ஆனால் எண்ணெயோடு சேர்ந்து அது தரும் படலத்தின் உறுதிக்கு ஈடு கிடையாது. பின்னால் வந்த துத்தநாக வெள்ளை நஞ்சு குறைந்ததுதான், ஆனால் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும். ஈய வெள்ளையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈயம் எக்ஸ்ரேயைத் தடுக்கும் அல்லவா? பழைய ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஈய வெள்ளை தடித்த இடமெல்லாம் அங்கேயும் வெள்ளையாகவே தெரியும்!

இனி நிழலுக்கு வருவோம். பனியில் விழும் நிழல் கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, நீலம்! சூரிய ஒளி மறைக்கப்பட்ட இடத்துக்கு வெளிச்சம் தருவது யார்? வானம். வானம் நீலம். பனி எதையும் விழுங்காமல் அப்படியே திருப்பிக் காட்டும். ஆகவே நிழல் நீலம். மேகமூட்ட நாளில் நிழலே இருக்காது, மாலை வெயிலில் ஊதாவாகும். இவ்வளவு எளிய விஷயத்தைக் கேன்வாஸில் வைத்ததும் பாரிஸ் ஏற்கவில்லை. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1868-69 குளிர்காலத்தில் எத்ரெத்தா ஊருக்குப் பக்கத்தில் 'மாக்பை' படத்தைத் தீட்டினார். பனி மூடிய மரங்கள், ஒரு வேலி, அதன் படலில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை, வேலிக்குக் கீழே நீலமும் ஊதாவுமாக நீண்ட நிழல். 1869-ல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அனுப்பினார். நிராகரித்துவிட்டார்கள்! இன்று ஓர்ஸே அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நிற்கிறது. நிராகரித்த நடுவர்கள் யார் யார் என்று கேட்க நாதியில்லை.

பனியை வரைய மோனே பட்ட பாடு தனிக் கதை. லே ஹாவ்ர் பகுதியில் கல்லே வெடிக்கும் குளிரில், மூன்று கோட்டுகளும் கையுறையும் மாட்டி, காலடியில் கணப்புப் பெட்டி வைத்து, முகம் பாதி விறைத்த நிலையில் அவர் ஈசல் முன் நின்றதாக அந்தக் காலத்து நிருபர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் போதாமல் 1895-ல், ஐம்பது தாண்டிய வயதில், பனிக்காகவே நார்வேக்குப் போனார்! இன்றைய ஓஸ்லோவுக்கு அருகே சாண்ட்விகாவில் தங்கி, கோல்சோஸ் என்ற ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். தாடியில் பனிக்கட்டி தொங்கத் தொங்க வேலை! அவருடைய தோழர் ரெனுவார் நேர் எதிர். பனி என்றாலே அவருக்கு ஆகாது, இயற்கைக்கு வந்த நோய் என்று திட்டியதாகச் சொல்வார்கள்.

அந்த நீல நிழல்கள் எல்லாம் 19-ம் நூற்றாண்டில் கேன்வாஸில் வந்து குவிந்ததற்கு நீலம் மலிவானதும் ஒரு காரணம் என்பது என் கட்சி. அதற்கு முன் அசல் அல்ட்ராமரைன் நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் கல்லை இடித்துச் செய்தது. தங்கத்தோடு போட்டி போட்ட விலை. அதைப் போய் யார் பனி நிழலுக்கு வாரி இறைப்பார்கள்? செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828-ல் ஜான் பாப்டிஸ்ட் கிமே அதைத் தட்டிச் சென்றார். அடுத்து 1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை குழைத்த வண்ணத்தை எதில் வைத்திருந்தார்கள் தெரியுமா? பன்றியின் சிறுநீர்ப்பையில்! ஆணியால் குத்திப் பிதுக்கிவிட்டு, மறுபடி ஆணியாலேயே அடைப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பனிக்காட்டுக்குப் போக முடியுமா?

குளிரில் தைல வண்ணம் உறையாதா என்று கேட்பீர்கள். நீர் வண்ணம் என்றால் பூஜ்ஜியம் டிகிரியில் தாளிலேயே பனிக்கட்டியாகிவிடும். ஆளிவிதை எண்ணெயோ மைனஸ் 20 டிகிரி வாக்கில்தான் உறையும். கெட்டிப்படும், தூரிகை இழுக்கும், ஆனால் வேலை நடக்கும். இன்னொன்று. தைல வண்ணம் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான்! அதனால் எண்ணெய் காயக் காய அதன் எடை குறைவதில்லை, கூடுகிறது! ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும் குணமுள்ளது, பனிக்கு அது எதிரி. ஆகவே பல நிறுவனங்கள் வெள்ளையை மட்டும் குசும்பா எண்ணெயிலோ கசகசா எண்ணெயிலோ அரைக்கின்றன.

இப்போது கேன்வாஸுக்குப் பக்கத்தில் வாருங்கள். பனிக்காட்சி வரைகிறவர் முதலில் கேன்வாஸின் வெள்ளையைக் கொல்கிறார்! பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் முழுக்கத் தேய்த்துவிடுகிறார். பனிக்கு அடியில் செம்மண் நிறம்! மேலே விழும் நீலச் சாம்பலின் இடைவெளிகளில் அந்தச் செம்மை எட்டிப் பார்த்தால்தான் பனி பனியாகக் குளிரும். அடுத்து கறுப்பைத் தூக்கி எறிகிறார். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மேலான இருட்டு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான இருட்டு. மரத்தண்டுக்கு அதுதான். அதே கலவையில் ஒரு துளி எடுத்து நிறைய வெள்ளையில் கலந்தால் பனி நிழல் தயார்.

வெயில் விழும் பனிக்கு மட்டுமாவது சுத்த வெள்ளை வைக்கலாமே? கூடாது! அங்கேயும் மஞ்சள் காவியில் ஒரு சிட்டிகை. ஏனென்றால் வெயிலில் மின்னும் பனியின் பிரகாசம் எந்த ட்யூபிலும் கிடையாது. உள்ளதே ஒரே ஒரு வெள்ளை. அதைப் படம் முழுக்க அள்ளிப் பூசிவிட்டால் கடைசியில் வெயில் தெறிக்கும் விளிம்புக்கு என்ன இருக்கும்? ஆகவே பனிப்பரப்பு முழுவதையும் ஒரு படி மங்கலாக்கி வைத்துவிட்டு, நாலே நாலு இடத்தில் மட்டும் தடிப்பாக வெள்ளையை வைக்கிறார்கள். பார்க்கிற நமக்குப் படம் முழுக்க வெண்பனி! நம்பிக்கை இல்லாவிட்டால் மோனேயின் 'மாக்பை' அச்சுப்பிரதி ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளில் சிறு துளை போட்டு, அந்தத் துளை வழியாகப் பனியை மட்டும் பாருங்கள். நிழல் பகுதி எவ்வளவு அழுத்தமான நீலச் சாம்பல் என்று புரியும்.

மரம்தான் ஆளைச் சோதிக்கும். இலையுதிர்ந்த காட்டைத் தூரத்தில் பார்த்தால் குச்சி குச்சியாகவா தெரிகிறது? ஊதாப் பழுப்பில் ஒரு புகை மூட்டமாகத் தெரிகிறது. காய்ந்த தூரிகையால் அதை அப்படியே தேய்த்துவிட வேண்டும், ஒரு கிளைகூட வரையக் கூடாது. பக்கத்து மரத்துக்கு மட்டும் நீண்ட மெல்லிய முடித் தூரிகை. வண்ணத்தை மையளவு நீர்க்க வைத்து, தண்டிலிருந்து வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்தால் நுனி தானாக மெலிந்து மறையும். கிளைமேல் உட்கார்ந்த பனிக்குப் பேலட் கத்தி. விளிம்பில் தடித்த வெள்ளையை ஒரு கீற்றாக எடுத்து, ஈரம் காயாத கிளையின் மேல் பட்டும் படாமலும் ஓட விட வேண்டும். மேடுள்ள இடத்தில் ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அழுத்தினால் கீழேயிருக்கும் பழுப்போடு குழைந்து சேறாகிவிடும். அழுத்தாதவருக்கு ஒரே இழுப்பில் கிளை முழுக்கப் பனி!

ஒரு நுணுக்கத்தைப் பலர் கோட்டை விடுவார்கள். பனித்தரையில் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றி ஒரு சிறு குழிவு இருக்கும். இருண்ட தண்டு வெயிலை உறிஞ்சிச் சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கிவிடுகிறது. அந்தக் குழிவில் ஒரு நீலக் கீற்று வைக்காவிட்டால் மரம் மண்ணில் முளைத்ததாகத் தெரியாது, பனிமேல் நட்டுவைத்த கம்பமாக நிற்கும். மர நிழலையும் நேர்கோடாக இழுக்கக் கூடாது. பனி மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி வளைய வேண்டும். தரையின் உருவத்தை நமக்குச் சொல்வதே அந்த வளைவுதான்.

இதையெல்லாம் நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து முடித்துவிட்டார், தெரியுமா? பீட்டர் புருகேல், 'பனியில் வேட்டைக்காரர்கள்', 1565. ஆன்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க் மாதங்களைப் பற்றிக் கேட்டு வாங்கிய வரிசையில் ஒன்று. அதில் ஐந்துதான் மிஞ்சியிருக்கின்றன. இது வியன்னாவில் இருக்கிறது. முன்னால் நாலு கறுத்த மரங்கள் வரிசையாக இறங்க, கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. வானம் பனியைவிட இருண்ட பச்சைச் சாம்பல். அதுதான் சரி! மேகமூட்ட நாளில் அடிவானம் பனித்தரையைவிட மங்கலாகத்தான் இருக்கும். வேட்டைக்குப் போனவர்கள் கொண்டு வருவதோ ஒரே ஒரு நரி. நாய்கள்கூடத் தலை தொங்கி நடக்கின்றன. விடுதியின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் ஆடுகிறது. பின்னால் கூர்கூராக மலைகள்! புருகேல் வாழ்ந்த பிளாண்டர்ஸ் பகுதியில் மலையே கிடையாது. இத்தாலிக்குப் போய்த் திரும்பியபோது ஆல்ப்ஸை விழுங்கி, வீட்டுக்கு வந்து கக்கிவிட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதினார். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1972-ல் எடுத்த 'சோலாரிஸ்' படத்தில் விண்வெளி நிலையத்துச் சுவரில் தொங்குவதும், கேமரா நகர்ந்து நகர்ந்து பார்ப்பதும் இதே ஓவியம்தான். பனி பெய்துகொண்டிருப்பதையே வரைந்த மிகப் பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ஒன்றும் புருகேலுடையதுதான். முழுப் படத்தையும் முடித்துவிட்டு அதன் மேல் பனித்துகள்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார்!

அமெரிக்காவில் எட்வர்ட் ரெட்ஃபீல்ட் என்று ஒரு முரட்டு ஆள் இருந்தார். பென்சில்வேனியாக் காட்டில், கேன்வாஸ் காற்றில் பறக்காமல் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஏறக்குறைய ஒன்றே கால் மீட்டர் உயரப் பனிக்காட்சியை ஒரே மூச்சில், நின்ற இடத்திலேயே முடித்துவிடுவார். 1947-ல் தனக்குப் பிடிக்காத தன் ஓவியங்களைக் குவித்துத் தீ வைத்ததும் அவரேதான்! நார்வேயின் ஹரால்ட் சோல்பெர்க் நேர் மாறு. ரொண்டானே மலையை நிலவொளியில் பார்த்த பிறகு அந்த ஒரு காட்சியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1914-ல்தான் 'மலையில் குளிர்கால இரவு' படத்தை முடித்தார். 1995-ல் வானொலி நேயர்கள் அதையே நார்வேயின் தேசிய ஓவியமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பல ஆண்டுகள் ஒரு பக்கம், அரை மணி நேரம் மறுபக்கம்! அந்த நேரத்துக்குள் ஒரு படத்தை முடித்துக் காட்டிய தொலைக்காட்சி ஓவியர் பாப் ராஸைத் தெரியாதவர் யூடியூபில் குறைவு. 1942-ல் வெயில் காயும் ஃபுளோரிடாவில் பிறந்தவர். விமானப்படையில் சேர்ந்து அலாஸ்காவுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் பனியையும் மலையையும் கண்ணால் பார்த்தார். அதட்டுவதே வேலையாக இருந்த சார்ஜென்ட், வேலையை விட்டதும் இனி யாரையும் சத்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார். 1983 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் 403 நிகழ்ச்சிகள். கேன்வாஸ் முழுக்க நீர்த்த வெள்ளையைப் பூசிவிட்டு, அது காயும் முன்பே மேலே அடுத்தடுத்து வண்ணம் ஏற்றுவது அவர் பாணி. மலையில் பனி வைக்க அவர் கத்தியை ஓட விடுவதைக் கவனியுங்கள். கிளைக்குச் சொன்ன அதே பட்டும் படாத கை! ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்க இணையதளம் அவருடைய 381 நிகழ்ச்சி ஓவியங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் 91 சதவீதத்தில் ஒரு மரமாவது இருந்தது!

ஒவ்வொரு படத்தையும் அவர் மூன்று முறை வரைந்தார் என்பது தெரியுமா? நிகழ்ச்சிக்கு முன் மாதிரிக்கு ஒன்று, கேமராவுக்கு முன் ஒன்று, பாடப் புத்தகத்துக்காக நிதானமாக இன்னொன்று. ஒருவர் அவரிடம், தனக்கு நிறக்குருடு, அதனால் ஓவியமே வரைய முடியாது என்றாராம். விட்டாரா பாப் ராஸ்? சாம்பல் நிறத்தின் சாயல்களை மட்டும் வைத்தே ஒரு நிகழ்ச்சி முழுவதையும் நடத்தி, மலையும் மரங்களுமாக முழுப் படத்தையும் தீட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.